சோலை வரி: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக வீடு, காணி வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உறுதி எழுதி, சாவியும் கைக்கு வந்துவிட்டால் காணி அலுவல் முடிந்தது என்றுதான் நினைப்போம். சபையின் வரிப் பதிவேட்டைப் பொறுத்தவரை அப்போது எதுவுமே நடந்திருக்காது. அங்கே பழைய உடைமையாளரின் பெயரே கிடக்கும். சில வளவுகளுக்கு அவருக்கும் முந்தியவரின் பெயர் கிடக்கும். கட்டாமல் விட்ட வரியும் சேர்ந்து கிடக்கும். நான் வாங்கிய வீட்டுக்கு இவை எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தன. ஒரு மேசையில் ஒன்று சொன்னார்கள், அடுத்த மேசையில் வேறொன்று சொன்னார்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எந்தக் கடதாசியைக் கையில் கொண்டு போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் சோலை வரி என்று சொல்வதுதான் படிவங்களில் மதிப்பீட்டு வரி என்றும் ஆதன வரி என்றும் இருக்கும். மூன்றும் ஒன்று. இதை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவைதான் அறவிடும். பிரதேச செயலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. செயலகத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிற ஆட்களை இன்றைக்கும் காணலாம்.

1. காணி எந்தச் சபைக்குள் என்று முதலில் பாருங்கள்

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நம் பக்கம் இது லேசான கேள்வி இல்லை. மட்டக்களப்பு நகரில் இருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் போனால், கல்லடி, நாவற்குடா எல்லாம் மாநகர சபை. அப்புறம் காத்தான்குடி நகர சபை. அதையும் தாண்டினால் ஆரையம்பதி, அது மண்முனைப் பற்றுப் பிரதேச சபை. சைக்கிளில் போகக்கூடிய தூரத்துக்குள் மூன்று சபைகள், மூன்று பதிவேடுகள், மூன்று வரி வீதங்கள்.

பெயர் ஒன்றாக இருக்கும் இடங்களில் இன்னும் கவனம். அக்கரைப்பற்றில் மாநகர சபையும் உண்டு, அதே பெயரில் பிரதேச சபையும் உண்டு. பக்கத்தில் ஆலையடிவேம்புப் பிரதேச சபை வேறு. ஏறாவூர் நகர சபை ஒன்று, செங்கலடியில் இருக்கிற ஏறாவூர்ப் பற்றுப் பிரதேச சபை இன்னொன்று. சாய்ந்தமருதுக்குத் தனியாகப் பிரதேச செயலகம் இருக்கிறது, ஆனால் வரி கட்டுவது கல்முனை மாநகர சபைக்கு. ஆகவே "என் காணி இன்ன பிரதேச செயலகப் பிரிவு" என்பதை வைத்துச் சபையை ஊகிக்காதீர்கள். கிராம சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அதைவிடச் சுலபம், பக்கத்து வளவுக்காரரிடம் அவருடைய கடைசி வரிப் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்வது.

பிரதேச சபை எல்லைக்குள் வாங்கியவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பிரதேச சபை தன் எல்லை முழுவதும் இந்த வரியை அறவிடுவதில்லை. கட்டடங்கள் நெருங்கியிருக்கும் பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களுக்குள் மட்டும்தான். அதற்கு வெளியே பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி என்று வேறொன்று உண்டு. "எங்கட பக்கம் வரியே இல்ல" என்று விற்பவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், போன வருடம் வரை உண்மையாக இருந்ததாகவும் இருக்கலாம். சபையில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

2. வரி இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

சபையில் எல்லாமே இலக்கத்தில்தான் ஓடும். நான் முதன்முதலாக யன்னலுக்கு முன்னால் நின்று விற்றவரின் முழுப் பெயரையும் சொன்னபோது உள்ளே இருந்தவர் தலை நிமிராமலே, "மகன், இலக்கத்தைச் சொல்லுங்க, பேரச் சொல்லிப் பிரயோசனமில்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், வட்டாரமும் வீதியும் இலக்கமும் சேர்ந்தது ஒன்றுதான் இருக்கும்.

பழைய வீடுகளில் வாசல் நிலையிலோ படலைத் தூணிலோ சிறிய தகரத்தில் இந்த இலக்கம் அடிக்கப்பட்டிருக்கும். பெயின்ற் பூசும்போது அதன் மேலும் பூசிவிடுவார்கள், சுரண்டிப் பாருங்கள். தகரம் இல்லாவிட்டால் விற்பவரிடம் பழைய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் இரண்டு பக்கத்து வீடுகளின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வருமானப் பிரிவுக்குப் போங்கள். பதிவேட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் வளவு இருக்கும்.

தபால் முகவரியில் இருக்கும் இலக்கமும் வரி இலக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். மறுமதிப்பீடு நடந்தபோது இலக்கம் மாறியிருக்கும், வீட்டுக்காரர் பழையதையே கடிதங்களுக்குப் பாவித்துக்கொண்டிருப்பார். மின்சாரப் பட்டியலில் ஒன்று, உறுதியில் இன்னொன்று, சபையில் மூன்றாவது ஒன்று என்று இருப்பது நம் ஊரில் புதினமே இல்லை. உறுதியின் அட்டவணையில் எந்த இலக்கம் எழுதப்படுகிறது என்பதை நொத்தாரிசு கையெழுத்து வாங்கும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு திருத்துவதென்றால் அதற்கும் ஒரு உறுதி, அதற்கும் ஒரு செலவு.

3. முற்பணம் கொடுக்கும் முன் நிலுவையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

சோலை வரி நிலுவை ஆளோடு போவதில்லை, ஆதனத்தோடு நிற்கும். விற்றவர் காசை வாங்கிக்கொண்டு கனடாவுக்கோ கொழும்புக்கோ போய்விடுவார். சபை உங்கள் படலைக்குத்தான் வரும். காலாண்டு முடிந்தும் கட்டாவிட்டால் சபை பிடியாணைக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்க்கும். ஆளைப் பிடிக்கிற ஆணை இல்லை, பொருளைக் கையகப்படுத்துகிற ஆணைக்கான செலவு. அதற்கும் மேலே போனால் வீட்டில் இருக்கிற பொருட்களைக் கையகப்படுத்தவும், பிறகு ஆதனத்தின் மேலேயே கைவைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. நம் சபைகள் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. அதனால்தான் நிலுவை வருடக்கணக்காகச் சேர்ந்துகொண்டே போகிறது. போரும் சுனாமியும் கண்ட வீடுகளில், ஆட்கள் இடம்பெயர்ந்து வெறுமனே கிடந்த வருடங்களின் கணக்கும் சில வேளை அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. விற்பவரைக் கூட்டிக்கொண்டு, அல்லது அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வருமானப் பிரிவுக்குப் போங்கள். இலக்கத்தைக் கொடுத்து, இன்றைய திகதி வரை எவ்வளவு நிலுவை என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதைக் குறித்துக்கொண்டு வராதீர்கள். அந்தத் தொகையை யார் கட்டுவது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவரிடம் காசு இல்லை என்றால் நீங்களே கட்டி விலையில் கழித்துக்கொள்ளலாம், அதிலொன்றும் பிழையில்லை. உறுதி எழுதும் நாளில் அந்த வருடத்துக்கான பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று வாசியுங்கள். இலக்கம் சரியா, எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு, நிலுவையாகப் பதிந்தார்களா நடப்பு வரியாகப் பதிந்தார்களா. கட்டுகிற காசு முதலில் பழைய நிலுவைக்குத்தான் போகும். "இந்த வருசத்துக்குக் கட்டியாச்சு" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பதிவேட்டில் அது நாலு வருடத்துக்கு முந்திய கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும்.

கூடவே இன்னொரு கடதாசியும் கேளுங்கள். வீதியை அகலிக்கும் திட்டத்தில் இந்தக் காணி அகப்படுகிறதா, சபை இதைச் சுவீகரித்திருக்கிறதா என்பதற்கான சான்றிதழ். வீதிக்கோட்டுச் சான்றிதழ் என்பார்கள். வங்கிக் கடன் எடுப்பவர்களிடம் வங்கியே இதைக் கேட்கும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள். முன் மதில் வீதிக்குள் நிற்பது பிறகுதான் தெரியவரும்.

4. பெயர் மாற்றம்

உறுதி காணிப் பதிவகத்தில் பதிவானால் சபைக்குத் தானாகத் தெரியும் என்று எண்ண வேண்டாம். நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். உறுதி பதிந்து கைக்கு வந்ததும் செய்துவிடுங்கள், ஆறப்போட வேண்டாம்.

சபைக்குச் சபை படிவம் மாறும், ஆனால் கேட்கும் கடதாசிகள் ஏறக்குறைய இவைதான்: பதிவு செய்யப்பட்ட உறுதியின் நிழற்பிரதி, பார்ப்பதற்கு மூலப்பிரதி, நில அளவை வரைபடம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, நிலுவை இல்லை என்பதற்கான கடைசிப் பற்றுச்சீட்டு. பதிவேட்டுப் பிரதியைப் பழையதாகக் கொண்டு போனால் புதிதாக எடுத்து வரச் சொல்வார்கள். ஆகவே மற்ற எல்லாம் தயாரான பிறகு அதைக் கடைசியாக எடுங்கள். மட்டக்களப்புக் காணிகளுக்கு மட்டக்களப்புப் பதிவகம். கல்முனைப் பக்கத்துக் காணிகளுக்குக் கல்முனையிலேயே பதிவகம் இருக்கிறது. எல்லாவற்றிலும் இரண்டு நிழற்பிரதி எடுத்து வையுங்கள். சபைக்கு முன்னால் போட்டோக் கொப்பிக் கடை இருக்கும், கரண்ட் இருக்குமா என்பதுதான் கேள்வி.

பெயர் மாற்றத்துக்குச் சபை அறவிடும் கட்டணம் சிறியது. பெரிய செலவு உறுதி எழுதும்போதே போய்விடும், அதுதான் முத்திரைத் தீர்வை. ஆதனம் கைமாறும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 50 இலட்சத்துக்கு வாங்கினால் 3,000 ரூபாவும் 196,000 ரூபாவும் சேர்ந்து 199,000 ரூபா. இதை மாகாண இறைவரித் திணைக்களம்தான் சேர்க்கிறது என்றாலும், காசு பிறகு அந்தந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கே போகிறது. சபைகளின் பெரிய வரவுகளில் இதுவும் ஒன்று. "தீர்வை கட்டினேன்தானே, பிறகு என்ன வரி" என்று யன்னலில் சண்டை பிடித்துப் பலனில்லை. அது ஒரு தடவை, இது வருடா வருடம்.

இனி நம் பக்கத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். அம்மம்மாவிடம் இருந்து அம்மாவுக்கு, அம்மாவிடம் இருந்து மகளுக்கு. முஸ்லிம் ஊர்களிலும் இதே வழக்கம்தான். ஆனால் கலியாணம் நடந்ததும் மகள் குடியிருக்கத் தொடங்கிவிடுவாள், சீதன உறுதி "பிறகு எழுதுவம்" என்று நிற்கும். எழுதினாலும் பெற்றோரின் சீவிய உரித்தோடு, அதாவது உயிரோடு இருக்கும் வரை வீட்டை அவர்களே அனுபவிக்கும் உரிமையோடு, எழுதியிருப்பார்கள். சபைப் பதிவேட்டிலோ இறந்துபோன அம்மம்மாவின் பெயர். அப்படியான வீட்டை நீங்கள் வாங்கினால், அம்மம்மாவில் இருந்து உங்கள் வரைக்கும் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு கடதாசி காட்ட வேண்டிவரும். இடையில் ஒரு உறுதி இல்லை என்றால் மரணச் சான்றிதழ், பிள்ளைகள் யார் யார் என்று சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி, மற்றப் பிள்ளைகளின் சம்மதம் என்று நீளும். சொத்துப் பெரிதாக இருந்தால், அல்லது ஒரு பிள்ளை இழுத்தடித்தால், நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குவரை போகும். இதை விற்பவர்தான் முடித்துத் தர வேண்டும். முடிக்காமல் வாங்கினால், பிறகு நீங்கள்தான் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். வரிப் பதிவேட்டில் பெயர் ஏறுவது உங்களைச் சொந்தக்காரர் ஆக்காது. முப்பது வருடப் பற்றுச்சீட்டைக் காட்டி "இதுதான் உறுதி" என்று காணி விற்க வருகிறவர்கள் உண்டு. பற்றுச்சீட்டு வழக்கில் ஆட்சியைக் காட்ட உதவும் சான்று, அவ்வளவுதான். அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தை வைத்திருப்பவர் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதை விற்கவே முடியாது. அவர் எத்தனை வருடம் ஒழுங்காக வரி கட்டியிருந்தாலும் சரி.

5. வளவில் ஒரு துண்டை மட்டும் வாங்கினால்

இது இப்போது நிறைய நடக்கிறது. கல்லடியிலோ கல்முனையிலோ முழு வளவு வாங்க யாரிடம் காசு இருக்கிறது? 10 பேர்ச்சஸ், 8 பேர்ச்சஸ் என்று பின் துண்டை வாங்கி ஒழுங்கை விட்டுக் கட்டுகிறோம். உறுதியும் வரைபடமும் உங்கள் பெயரில் தனியாக வந்துவிடும். ஆனால் சபையில் பிரித்துப் பதியும்படி கேட்காத வரை, முழு வளவும் பழைய ஒரே இலக்கம்தான்.

பட்டியல் முன் வீட்டுக்குப் போகும். முன் வீட்டுக்காரர் கட்டினால் உங்கள் பங்கைக் கேட்டுச் சண்டை வரும். கட்டாவிட்டால் நிலுவை இரண்டு பேர் தலையிலும் விழும். நீங்கள் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும் நாளில்தான் அந்தக் கணக்கு வெளியே வரும். ஏனென்றால் கட்டட அனுமதியோ சான்றிதழோ கேட்டால் சபை முதலில் பார்ப்பது நிலுவையைத்தான்.

ஆகவே பெயர் மாற்றத்தோடு சேர்த்து உப இலக்கத்துக்கும் விண்ணப்பியுங்கள். 24 என்ற வளவு 24/1, 24/2 என்று பிரியும். இதற்குப் பிரித்த வரைபடம் வேண்டும், அந்தக் காணித்துண்டுப் பிரிப்புக்குச் சபையின் அங்கீகாரமும் வேண்டும். அங்கீகாரம் எடுக்காமலே நில அளவையாளரை வைத்து வெட்டி விற்கிற தரகர்கள் உண்டு. வரைபடத்தில் சபையின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், நில அளவையாளரின் கையெழுத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அப்புறம், விண்ணப்பித்தால் வருமானப் பரிசோதகர் இடம் பார்க்க வருவார். அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோவை திரும்பவும் அடியில் போய்விடும்.

6. எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும்

வரி வீட்டின் விலையில் கணக்கிடப்படுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் நியாயமாக வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுவார்கள், அதுதான் ஆண்டுப் பெறுமதி. அதைப் போடுவது விலைமதிப்பீட்டுத் திணைக்களம். அதன் மேல் எத்தனை வீதம் என்று தீர்மானிப்பது சபை. வீட்டுக்கு ஒரு வீதம், கடைக்கு வேறு வீதம் என்று வைத்திருப்பார்கள்.

உதாரணத்துக்கு ஆண்டுப் பெறுமதி 36,000 ரூபா, வீதம் 8 என்று வையுங்கள். வருட வரி 2,880 ரூபா, காலாண்டுக்கு 720. முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு, ஆகவே 2,592 ரூபாவோடு முடியும். காலாண்டு காலாண்டாகக் கட்டுபவர், ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதக் கழிவு. தவணைக்கு 684, வருடத்துக்கு 2,736. இரண்டையும் விட்டால் காலாண்டின் கடைசி நாள் வரை கழிவு இல்லாமல் கட்டலாம். அதற்குப் பிறகு மேலே சொன்ன பிடியாணைக் கட்டணம்.

கழிவு சிறிய காசு என்று தோன்றும். எனக்கு அதைவிட முக்கியம், வருடத்துக்கு ஒரு தடவை போய் முடித்துவிடலாம் என்பது. ஆனால் ஜனவரி கடைசிக் கிழமை போகாதீர்கள். ஊர் முழுக்க அன்றைக்குத்தான் வரும், போதாததற்கு மாரி மழையும் ஓய்ந்திருக்காது. தைப்பொங்கல் கழிந்த கையோடு, ஒரு கிழமை நாளில் காலையிலேயே போனால் வரிசை குறைவு. நிலுவை இருந்தால் கழிவு கிடைக்காமல் போகலாம், அதையும் முதலில் தீருங்கள்.

வீட்டுக்கு வந்து வரி சேர்க்கும் உத்தியோகத்தரிடம் கொடுப்பதில் பிழையில்லை. சபையின் அச்சிட்ட, இலக்கமிட்ட பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். துண்டுக் கடதாசியில் எழுதி "சீட்டு பிறகு தாறன்" என்றால், "நானே கந்தோருக்கு வாறன் அண்ணன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

7. மதிப்பீடு கூடிவிட்டது என்று நினைத்தால்

சபைகள் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது ஒழுங்கு. நடைமுறையில் அது இழுபட்டு இழுபட்டுப் போய், ஒரு நாள் திடீரென்று மூன்று மடங்கு பட்டியல் வரும். வீட்டுக்கு மேல்மாடி போட்டால், முன்பக்கத்தில் ஒரு கடை அறை கட்டினால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மதிப்பீடு மாறும்.

மதிப்பீட்டு அறிவித்தல் கைக்கு வந்ததும் அதில் ஆட்சேபணைக்கான கடைசித் திகதி இருக்கும், சுமார் ஒரு மாதம். அந்தத் திகதிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாநகர சபையில் ஆணையாளருக்கு, மற்றச் சபைகளில் செயலாளருக்கு. "கூடிப்போச்சு, குறைத்துத் தாருங்கள்" என்று எழுதினால் அந்தக் கடிதம் எங்கும் போகாது. பக்கத்தில் அதே அளவு வீட்டின் ஆண்டுப் பெறுமதி என்ன, அந்த வீதியில் வீட்டு வாடகை என்ன, உங்கள் வீட்டில் குடியிருக்க முடியாத பகுதி எது என்று எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம் இருந்தால் பிரதியை இணையுங்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். விசாரணைக்கு அழைப்பார்கள், போங்கள். அங்கே கிடைக்கும் முடிவும் சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் சாதாரண வீட்டுக்காரருக்கு வழக்குச் செலவு வரியைத் தின்றுவிடும். ஆட்சேபணை போட்டிருக்கிறேன் என்று வரி கட்டுவதை நிறுத்த வேண்டாம், அது தனியாக நிலுவையாகும்.

என் அபிப்பிராயத்தில் இந்த ஏற்பாட்டில் நியாயக் குறைவு ஒன்று உண்டு. நகர நடுவில் காலாகாலமாக நிற்கும் பெரிய கட்டடங்கள் பழைய மதிப்பீட்டில் குந்தியிருக்கும், ஓரத்தில் புதிதாகக் கட்டிய சிறிய வீட்டுக்குப் புதிய மதிப்பீடு வரும். அதை ஆட்சேபணையில் எடுத்துச் சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

8. கடை போடுகிறவர்களுக்குச் சுருக்கமாக

கடைக்குச் சோலை வரி கட்டடச் சொந்தக்காரர் கட்டுவதா, வாடகைக்காரர் கட்டுவதா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் கையகப்படுத்த வருகிறவர்கள் முதலில் காண்பது உங்கள் சாமான்களைத்தான்.

வியாபாரப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். வியாபார உரிமம் எடுப்பது சபையில். இரண்டும் வேறு வேறு, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை. சாப்பாட்டுக் கடை, வெதுப்பகம், சலூன் போன்றவற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே உரிமம் கிடைக்கும். அரிசி ஆலை, வாகனம் திருத்தும் இடம் போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள். உரிமக் கட்டணம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்தது. மாநகர சபையில் அதன் உச்சம் 5,000 ரூபா, பிரதேச சபையில் 1,000 ரூபா. உரிமம் தேவைப்படாத வியாபாரங்களுக்கு வரவைப் பார்த்து வணிக வரி. பிரதேச சபைகளில் முந்திய வருட வரவு 150,000 ரூபாவைத் தாண்டினால் 3,000 ரூபா, அதுதான் மேல்தட்டு. இன்றைய விலைவாசியில் ஒழுங்கை மூலையில் இருக்கிற பெட்டிக்கடையும் அந்தத் தட்டுக்குள் வந்துவிடும், நகைக்கடையும் அதே தட்டுத்தான்.

உரிமம் டிசம்பர் 31 வரைதான் செல்லும், நீங்கள் எந்த மாதம் எடுத்தாலும். நவம்பரில் கடை திறக்க நினைப்பவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள். பாசிக்குடா, அறுகம்பை பக்கம் விடுதி நடத்த வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதிக்கு முந்திய வருட வரவில் 1 வீதம் வரை சபை அறவிடலாம். அதனால் வரவுக் கணக்கைத் தொடக்கத்தில் இருந்தே ஒழுங்காக வையுங்கள். பெயர்ப் பலகைக்குத் தனிக் கட்டணம். பலகை அடிக்கும் முன்பே அளவைச் சொல்லிக் கேளுங்கள், சதுர அடிக் கணக்கு.

9. வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்களுக்கு, இழுபடுகிற கோவைகளுக்கு

நீங்கள் வெளியூரில் இருந்தால் வரி கட்ட உறவுக்காரர் ஒருவர் போதும், அதற்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தேவையில்லை. இலக்கம் தெரிந்த யாரும் கட்டலாம். பெயர் மாற்றம், உப இலக்கம், ஆட்சேபணை போன்றவற்றுக்கு மட்டும் அது வேண்டும். அதில் உள்ளூராட்சிச் சபை அலுவல்களைப் பார்க்கலாம் என்று தெளிவாக எழுதுவியுங்கள். "காணி விற்க" என்று மட்டும் எழுதிய தத்துவத்தைச் சபை ஏற்காமல் விட்ட கதைகள் உண்டு. கட்டியவர் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் இலக்கத்தைச் சரிபாருங்கள். பக்கத்து வீட்டுக்கு வரி கட்டிவிட்டு அதைத் திரும்ப எடுப்பது பெரும் பாடு.

பெயர் மாற்றம் மாதக்கணக்கில் நகரவில்லை என்றால், சத்தம் போடுவதற்கு முன் இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குக் கடிதம். மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். உங்கள் இலக்கத்துக்கு உரிய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி, ஐந்து வருட நிலுவைக் கணக்கு, உங்கள் விண்ணப்பம் இப்போது எந்த உத்தியோகத்தரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். என் கோவை அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் அலுமாரியை விட்டு வெளியே வந்தது. பிரதி வந்தபோது பார்த்தால், என் பெயரை யாரோ எப்போதோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள், பேனையால் பதியத்தான் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது.

அம்பாறை நகரப் பக்கம் காணி வாங்கியவர்களுக்குக் கடிதம் சிங்களத்தில் வரக்கூடும். தமிழில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விண்ணப்பத்திலேயே "பதில் தமிழில் வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டு எழுதினால் அதற்கும் ஒரு கோவை இலக்கம் போடுவார்கள்.